உன் அம்மா செய்த கால்

மகளுக்கு,

உன்னைப் பார்க்க வந்தவர்கள் முதலில் உன் முகத்தைப் பார்க்கவில்லை. நீ பிறந்த துடக்குக் கழித்த அன்று பழுகாமத்து வீடு நிறைய ஆட்கள். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் மடிக்கு நீ மாறிக்கொண்டே இருந்தாய். உன்னை வாங்கிய ஒவ்வொரு பெண்ணும் சுற்றியிருந்த துணியை விலக்கி, இரண்டு குதிக்காலையும் ஒன்றாகச் சேர்த்து, முழங்காலை மெதுவாக அமத்தி நீட்டிப் பார்த்தாள். கொஞ்சுகிற மாதிரித்தான் செய்தார்கள். நான் இரும்பு அளக்கிறவன். கொஞ்சுவதற்கும் அளப்பதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். உன் அம்மாவின் பெரியம்மா கடைசியாக வாங்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே அளவாத்தான் கிடக்கு" என்று சபைக்குத் தீர்ப்பு வாசித்தாள். "டிராக்டரால விழுந்து முறிஞ்ச கால் பிள்ளைக்கு எப்பிடி வரும் பெரியம்மா?" என்று கேட்டேன். "சும்மா பார்த்தம் தம்பி, கோவிக்காதீங்க. அந்தச் சிலையைக் கண்டா ஆருக்கும் ஒரு பயம் வரத்தானே செய்யும்" என்றாள். சொல்லிவிட்டு விறாந்தையில் நின்ற சிலையை, ஏதோ அதுதான் உன்னைப் பெற்றது போல ஒரு பார்வை பார்த்தாள்.

அன்றைக்கே இதை எழுதத் தொடங்கினேன். தொட்டிலில் கிடக்கிற உனக்கு அல்ல, வளர்ந்து கலியாணப் பேச்சு வருகிற வயதில் நிற்கப்போகிற உனக்கு. நீ வளரும்வரை காத்திருந்து, நேரம் பார்த்துப் பக்குவமாகச் சொல்கிற பொறுமை எனக்கு இல்லை. அதற்கிடையில் ஊர் உனக்கு அதன் கதையைச் சொல்லி முடித்துவிடும். உன் அம்மா கட்டின புருசனை உரிச்சு வைத்தவள், நொண்டிக்காலைக் காட்டி மானத்தை வாங்கினவள், வயிற்றில் பிள்ளையோடு ஆம்பிளைச் சிலை செய்தவள். இதில் மூன்றாவது மட்டும் உண்மை. உனக்கு மட்டும் எழுதி அலுமாரிக்குள் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஊர் வெளியில் நின்றுதான் கதைக்கிறது, பதிலும் வெளியிலேயே கிடக்கட்டும்.

முதலில் காலைப் பற்றிச் சொல்கிறேன். நான் கதிரவெளியில் பிறந்தவன். சண்டை வந்து ஊரே இடம்பெயர்ந்து எழும்பியபோது எனக்கு எட்டு வயது இருக்கும். டிராக்டர்ப் பெட்டியில் ஏறி வந்தோம். பெட்டி நிறைய ஆட்கள், பாய், சட்டி, கால் கட்டிய கோழிகள். ஒரு பள்ளத்தில் பெட்டி துள்ளியது, நான் வெளியே விழுந்தேன், இடது தொடை முறிந்தது. வைத்தியம் கிடைக்கிற இடத்துக்குப் போய்ச் சேர முதலே எலும்பு தன் பாட்டில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பொருந்திவிட்டது. பிறகு அந்தக் கால் குட்டையாகவும் மெலிவாகவுமே வளர்ந்தது. அவ்வளவுதான். இதில் உருகுவதற்கு ஒன்றும் இல்லை. அந்தப் பாதையால் வந்த எத்தனையோ பேருக்குக் காலே இல்லை.

ஆனால் அதை மறைக்க நான் செலவழித்த மூளை கொஞ்சமல்ல. தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் டிப்ளோமா படித்த காலத்தில் நான் ஒழுங்காகச் செய்து முடித்த முதல் வடிவமைப்பு என் இடது சப்பாத்துத்தான். டயர் றப்பரை அடுக்கடுக்காக வெட்டி ஒட்டி, பக்கத்தில் தெரியாதபடி கறுப்புத் தோல் சுற்றினேன். அதைப் போட்டு நீளக் காற்சட்டையும் போட்டால் லேசாகச் சாய்ந்து நடக்கிற ஒருவன், அவ்வளவுதான். கழற்றினால்தான் வினை. நம்முடைய சனத்துக்குச் சப்பாத்தைக் கழற்றாமல் ஒன்றும் நடக்காதே. ஆட்களின் வீட்டுக்குப் போனால் வாசலுக்குக் கிட்ட இருக்கிற கதிரையைப் பிடிப்பேன், நாலு எட்டுக்கு மேல் வெறுங்காலோடு நடக்க மாட்டேன். மண்டூர்க் கோயில் திருவிழாவுக்கு வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போவேன். அவர்கள் உள்ளே போக, நான் வெளியே மோட்டார் சைக்கிளுக்குக் காவல் நிற்பேன். அதனால் எனக்கு நாத்திகன் என்று பெயர். எனக்குச் சாமியோடு ஒரு பிரச்சினையும் இல்லை. தரையோடுதான் பிரச்சினை.

உன் அம்மா வினோ அப்போது பல்கலைக்கழகத்தில், எங்கள் வாயில் கம்பஸில், சிற்பமும் ஓவியமும் படித்துக்கொண்டிருந்தாள். நான் வேலை செய்கிற இரும்புப் பட்டறைக்கு ஒரு கடதாசியோடு வந்தாள். களிமண்ணால் ஒரு பெரிய கை செய்யப்போகிறாளாம், உள்ளே நிற்கக் கம்பிச் சட்டம் வேண்டுமாம். படத்தைப் பார்த்தேன். முழங்கையில் மூன்று கம்பி ஒரே இடத்தில் சந்தித்தது. "இது நிக்காது. களியை அப்பி ஏத்த ஏத்த இந்த இடம் வளையும். கை எண்டா இப்பிடியா இருக்கும்?" என்று அவள் கடதாசியிலேயே சிவப்புப் பேனையால் கோடு போட்டேன். அவள் கடதாசியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "கையைப் பற்றிச் சரியாச் சொல்றீங்க. மறுகா ஏன் எப்பவும் வலது கால்லயே நிக்கிறீங்க?" என்றாள். பட்டறையில் என்னோடு வேலை செய்கிற காத்தான்குடி றிஸ்வான் தலைக்கவசத்துக்குள்ளே சிரித்தான். "மச்சான், அந்தப் புள்ள உன்ட பிளானுக்குச் சிவப்புப் பேனை போட்டிட்டு" என்றான். எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சட்டத்துக்கு வேண்டுமென்றே இரண்டு கிழமை இழுத்தடித்தேன். அவள் ஒவ்வொரு நாளும் வந்தாள். மிச்சக் கதையை உன் அம்மாவிடம் கேள், அவள் கூட்டிச் சொல்வாள்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் கட்டினால் ஆண்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவான். நானும் பழுகாமத்துக்கு வந்தேன். வந்த முதல் கிழமையில் எங்கள் அறை யன்னல் முழுக்க எக்ஸ்றே படங்கள், உடுப்புக் காயப்போடுகிற கவ்வியால் கௌவியபடி தொங்கின. ஊருக்குள் ஆரிடம் பழைய எக்ஸ்றே இருக்கிறதென்று கேட்டுக் கேட்டு வாங்கியிருந்தாள். காலை வெயில் வந்தால் அடுத்த வீட்டு மாமாவின் முதுகெலும்பு எங்கள் கட்டிலில் விழும். "இது ஆர்ட இடுப்பு?" என்று ஒரு நாள் கேட்டேன். "சொன்னா அவட முகத்தைப் பார்த்துச் சிரிப்பீங்க" என்றாள், சொல்லவில்லை. ஏறாவூரில் இறைச்சிக்கடைக்குப் போய் ஆட்டுத் தொடையை வெட்டாமல் முழுதாக வாங்கி வருவாள். அது உடனே கறிக்குப் போகாது. தசை எங்கே தொடங்கி எங்கே எலும்பைப் பிடிக்கிறது என்று கத்தியால் இழை இழையாகப் பிரித்து வரைந்து முடித்த பிறகுதான் மாமியின், அதாவது உன் அம்மம்மாவின், கைக்குப் போகும். "உன்ட படிப்பால இந்த வீட்டில சூடா ஒரு இறைச்சிக் கறி இல்ல" என்பார் மாமி. தன் இடது கையில் தோலுக்குக் கீழே கிடக்கிற தசைகளைச் சிவப்பும் மஞ்சளுமாக வரைந்து பார்த்துவிட்டு, கழுவ மறந்து அப்படியே பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். தோல் உரிந்த கை என்று நினைத்து ஒரு கிழவி எழும்பி இடம் கொடுத்தாளாம். அவளும் வசதியாக இருந்துகொண்டு வந்திருக்கிறாள்.

கடைசி வருடத்துக்கு ஆளுயரத்தில் ஒரு முழு மனித உடம்பு செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தாள். அங்கேதான் முட்டியது. மொடலாக இருக்க வருகிறவர்கள் சேட்டும் இடுப்பில் சுற்றிய சாரமுமாகக் கதிரையில் இருந்துவிட்டுப் போவார்கள். "இத்தின வருசமா நான் படிச்சது சேட்டுமடிப்பு. சேட்டுக்குள்ள ஆள் இருக்கா இல்லையா எண்டு எனக்கு இன்னும் தெரியாது" என்றாள். நான் ஒரு அவசரத்தில், "அதுக்கென்ன, நான் நிக்கிறன்" என்று சொல்லிவிட்டேன். நான் எப்போதும் அப்படித்தான். வாய் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஆள் போய்ச் சேருவேன். நீ அந்தக் குணத்தோடு பிறந்திருந்தால் திருத்த மினக்கெடாதே, ஆனால் வாய் போன இடத்துக்கு ஆளும் போயே ஆக வேண்டும்.

கதவைச் சாத்தி, எல்லாவற்றையும் கழற்றினேன். சப்பாத்தைக் கழற்றவில்லை. பிறந்த மேனியாக, கறுப்புச் சப்பாத்தும் சொக்ஸும் போட்டுக்கொண்டு ஒரு ஆம்பிளை நடு அறையில் நிற்பதை நினைத்துப் பார். பார்க்காதே, நான் உன் அப்பா. உன் அம்மா சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிற்பாட்டி, "அதையும் கழட்டுங்க" என்றாள். "அது எதுக்கு? உடம்பைத்தானே செய்யப்போறாய்." "சப்பாத்தோட நிக்கிறது வேற ஆள். இடுப்பு நேரா நிக்கிது. கழட்டினா நேரா நிக்காது. எனக்கு நேரா நிக்காத ஆள்தான் வேணும்." அப்போதும் கழற்றவில்லை. கட்டின பெண்சாதிக்கு முன்னால் எல்லாவற்றையும் கழற்றலாம், இதை ஏலாது என்று இருந்தது எனக்கு. சப்பாத்தைக் கழற்ற எனக்கு இன்னும் சில நாட்கள் எடுத்தன.

அந்த நாட்களில்தான் நான் அந்த வேலையைச் செய்தேன். சிலைக்கு உள்ளே நிற்கிற கம்பிச் சட்டத்தை நானே செய்து தருகிறேன் என்றேன். அளவு எடுக்க வினோ நாடாவோடு வந்தபோது, "நீ விடு, எனக்குத் தெரியாத உடம்பா" என்று அனுப்பிவிட்டேன். என் வலது பக்கத்தை மட்டும் அளந்தேன். இடுப்பிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து குதி. கணினியில் பாதி உடம்பை வரைந்து, நடுக்கோட்டுக்கு மற்றப் பக்கம் அப்படியே பிரதி எடுத்தேன். வாசல் கேற், கூரைச்சட்டம், தண்ணீர்த்தாங்கி நிற்கிற கோபுரம் எல்லாவற்றையும் அப்படித்தான் வரைவோம். பாதி வரைந்தால் மிச்சப் பாதியைக் கணினி தரும். இரண்டு காலும் அச்சொட்டாக ஒரே நீளத்தில், ஒரு மயிரிழை பிசகாமல் வெல்டிங் வைத்துக் கொடுத்தேன். வாழ்க்கையில் நான் செய்த ஆகத் திருத்தமான வேலை அது. அது ஆருடைய உடம்புமில்லை.

மாமனாரின் வயல் வட்டையில் எடுத்த களியைக் குழைத்து வினோ அந்தச் சட்டத்தில் அப்பத் தொடங்கினாள். அதற்கிடையில் நான் சப்பாத்தையும் கழற்றிவிட்டேன். இனி உடம்பு ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம். என் இடுப்பு இடப்பக்கம் இறங்கி நிற்கும். அதைச் சமாளிக்க முதுகெலும்பு வளையும், வலது தோள் தாழும், கழுத்து அதற்கு எதிராகத் திரும்பும். அவள் பார்த்த தோளைச் செய்தாள், பார்த்த கழுத்தைச் செய்தாள். கீழே இருந்த கம்பியோ நேராக நின்றது. ஆகவே களியில் வந்தது கழுத்து முறிந்த ஒருவன். கம்பஸில் பார்க்க வந்த விரிவுரையாளர் கழுத்துத்தான் பிழை என்றாராம். வினோ கழுத்தை வெட்டித் திரும்பச் செய்தாள். தோளைச் சுரண்டினாள். தலையை முழுதாகக் கழற்றி வைத்துவிட்டு நிலத்தில் இருந்து அழுதாள். உன்னை வயிற்றில் சுமக்கத் தொடங்கியிருந்த காலம் அது. மாமி, மசக்கைச் சோர்வு என்றார். எனக்கு என்ன பிழை என்று தெரியும். முதல் நாளே தெரியும். வாயைத் திறக்கவில்லை. அவள் தன் கண்ணைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு காலையில் மேசன் வைத்திருக்கிற தூக்குக்குண்டை ஆரிடமோ இரவல் வாங்கி வந்தாள். என்னை நிற்கவைத்து, கழுத்துக் குழியிலிருந்து நூலைத் தொங்கவிட்டாள். குண்டு என் வலது குதிக்குப் பக்கத்தில் நின்றது. அப்படியே போய்ச் சிலையின் கழுத்தில் பிடித்தாள். குண்டு இரண்டு காலுக்கும் நடுவில் நின்றது. அவள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. நூலைச் சுருட்டிக்கொண்டே, "கம்பி பொய்" என்றாள்.

"சிலைதானே. ஒரு மனுசன் எண்டா ரெண்டு காலும் சமமாத்தான் இருக்கும்" என்றேன்.

"எந்த மனுசன்?"

நான் சப்பாத்தைத் தேடினேன். "நான் கழுத்தைச் செய்யத் தெரியாதவள் எண்டு அழுதுகொண்டு கிடந்தன். நீங்க பார்த்துக்கொண்டு நிண்டீங்க. உங்கட கால் குட்டை எண்டதால எனக்கு ஒண்டும் இல்ல. என்ட கண்ணைப் பிழை எண்டு நினைக்க வச்சீங்களே, அதுதான்" என்றாள். கத்திச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை.

இடது காலின் களியை இரண்டு பேருமாக வழித்து எடுத்தோம். பட்டறையிலிருந்து கிரைண்டரைக் கொண்டுவந்து தொடைக்கம்பியை நானே வெட்டினேன். ஈரக்களியில் நெருப்புப்பொறி விழுந்து அறை முழுக்கச் சுட்ட மண் வாசம். வெட்டின துண்டு என் பெருவிரல் அளவுகூட இல்லை. இந்தத் துண்டுக்காகவா இத்தனை வருடம் கோயில் வாசலில் நின்றேன் என்று அதைக் கையில் வைத்துப் பார்த்தேன். திரும்ப வெல்டிங் வைத்ததும் இடுப்பு தானாக இறங்கியது. அந்தக் கழுத்து, இத்தனை கிழமை கெட்டுக் கிடந்த கழுத்து, ஒரு விரல் படாமலே சரியாக நின்றது. வினோ அதன் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "இப்ப வாங்க சாப்பிட" என்றாள். என்னைச் சொன்னாளா சிலையைச் சொன்னாளா தெரியாது. அதன் பிறகுதான் களியிலிருந்து அச்செடுத்து, சீமெந்தில் வார்த்தோம்.

உன் அப்பம்மா, அதாவது என் அம்மா, கதிரவெளியிலிருந்து வந்தது அந்தச் சிலை வார்த்து முடிந்த பிறகு. உன் மாமி, என் தங்கச்சி, அவளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா சிலைக்கு முன்னால் கனநேரம் நின்றா. அம்மணத்தைப் பற்றிச் சண்டை பிடிக்கப்போகிறா என்று நினைத்து நான் பதில்களை அடுக்கி வைத்திருந்தேன். அம்மா கேட்டது வேறு. "புள்ள, அந்த இடது காலுக்குக் கொஞ்சம் சீமெந்து பூசி மற்றதைப்போல ஆக்க ஏலாதா?" "ஏலாது மாமி" என்றாள் வினோ. "தங்கச்சிட விசயம் முடியுமட்டுமாவது? மாப்பிள்ளை வீட்டு ஆக்கள் கம்பஸ் கண்காட்சிக்கு வருவாங்களாம்." கூட வந்திருந்த தங்கச்சி இடையில் புகுந்தாள். "அம்மா, அண்ணன் நொண்டுறது அவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? கலியாண வீட்டுக்கு அண்ணன் என்ன பறந்தா வாறது?" நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

பிறகு குசினிப் பக்கம் என்னைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னா. டிராக்டர்ப் பெட்டி துள்ளியபோது ஒரு கையில் என்னைப் பிடித்திருந்தாவாம், தங்கச்சி மடியில் கைக்குழந்தை. அவள் சரியப் போனாள். அவளைப் பிடிக்க என்னை விட்டாவாம். "விழுந்தது பள்ளத்தால இல்லடா மனே. நான் விட்டதால. அந்தக் காலைப் பார்க்கிறவன் எல்லாம் என்னைத்தான் பார்க்கிறான்." இத்தனை வருடத்தில் எனக்கு இது தெரியாது. "சரியாத்தான் செய்தீங்க. அவள் விழுந்திருந்தா செத்திருப்பாள்" என்றேன். "உனக்குத் தெரியும். பார்க்கிறவனுக்கு?" என்று கேட்டா. மகள், பதில் இல்லாத இடத்தில் பேசாமல் நிற்கப் பழகு. எனக்கு அது பிந்தித்தான் வந்தது.

கண்காட்சி நாள். காலையில் பார்த்துவிட்டுப் போன ஒழுங்குபடுத்துகிறவர்கள் திரும்பி வந்தார்கள். சின்னப் பிள்ளைகளும் வருவார்கள், இடுப்பில் ஏதாவது கட்டுங்கள் என்று பணிவாகத்தான் கேட்டார்கள். அந்த நேரம் பார்த்து அம்மா வந்தா, கையில் ஒரு கடைப் பை. உள்ளே புதுச் சாரம், பசை வாசம் போகாதது. "இதைக் கட்டினா எல்லாருக்கும் சரிதானே" என்றா. எல்லாருக்கும் சரிதான். கேட்டு வந்தவர்களின் முகம் மலர்ந்தது. சாரம் கணுக்கால் வரைக்கும் வரும். மானமும் மூடும், காலும் மூடும், மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒன்றும் தெரியாது, அம்மாவும் நிம்மதியாகத் தூங்குவா. இவ்வளவு வேலையை ஒரு துணி செய்யும் என்று நான் வரைந்திருந்தால்கூட இப்படித் திறமாக வந்திராது. வினோ உன்னைச் சுமந்த பெரிய வயிற்றோடு கதிரையில் இருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். "சிலை என்ட. அதுக்கு ஒண்டும் கட்ட ஏலாது எண்டு நான் சொல்லுவன். ஆனா கால் உங்கட. மூடுறதெண்டா நீங்க சொல்லணும்" என்றாள்.

அம்மாவின் கையிலிருந்து சாரத்தை வாங்கினேன். திரைக்குப் பின்னால் போய்க் காற்சட்டையைக் கழற்றினேன், சப்பாத்தைக் கழற்றினேன். சாரத்தை நானே உடுத்து, முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டினேன். சிலையின் இடுப்புக்கு ஒரு துவாய்த்துண்டு போதும் என்று வினோவும் கேட்டு வந்தவர்களும் அதற்கிடையில் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். அவளுக்கு விருப்பமில்லை, விட்டுக்கொடுத்தாள். துவாய் தொடைக்குக் கீழே இறங்கக்கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தாள். நான் வெறுங்காலோடு மண்டபத்தின் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு நடந்தேன். சீமெந்துத் தரை குளிர்ந்தது. சப்பாத்து இல்லாமல் நான் நடந்தால் லேசாகச் சாய்கிற நடை இல்லை, முழு உடம்பும் ஏறி இறங்குகிற நடை. ஆட்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று போய்ச் சிலைக்குப் பக்கத்தில் நின்றேன். ஒரு பெடியன் போனைத் தூக்கினான். "முழுசா எடு, காலை வெட்டாத" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் தாய் வந்தா. சிலையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, பிறகு என் அம்மாவைப் பார்த்து, "இது உங்கட மகனோ?" என்று கேட்டா. அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு என் காலைப் பார்த்தபடி நின்றா. நான் வாயைத் திறக்கப் போனேன். "நீ சும்மா இரு" என்று கையைக் காட்டினா. "ஓம். என்ட மகன்தான். இடம்பெயர்ந்து வரக்குள்ள டிராக்டரால விழுந்தவன். சின்னவளைப் பிடிக்க நான்தான் இவன்ட கையை விட்டனான்." மண்டபத்தில் அம்மாவின் குரல் அவ நினைத்ததைவிடப் பெரிதாகக் கேட்டது. அந்த மனுசி தன் காதைத் தொட்டுக் காட்டி, "எங்கட பொடியனுக்கு வலது காது கேக்காது. அதே வருசம்தான், செல் விழுந்து வெடிச்சு. கலியாணம் முடியச் சொல்லுவம் எண்டு வச்சிருந்தம்" என்றா. பிறகு இரண்டு பேரும் சிலைக்கு முன்னால் போட்டிருந்த வாங்கில் போய் இருந்து, யார் எந்தப் பாதையால் வந்தது, எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கியது என்று கதைக்கத் தொடங்கினார்கள். சிலையை மறந்துபோனார்கள். தங்கச்சி மட்டும் என்னிடம் வந்து, "அதுதானே பார்த்தன், நான் என்ன சொன்னாலும் ஓம் ஓம் எண்டுறார்" என்றாள். அந்தக் கலியாணம் நடந்தது. நடந்திராவிட்டாலும் நான் இதைத்தான் எழுதியிருப்பேன், இன்னும் காரமாக.

கண்காட்சி முடிந்து சிலை பழுகாமத்துக்கு வந்தது. விறாந்தையில் நிற்கிறது. துவாய்த்துண்டை வினோ வந்த அன்றே அவிழ்த்து மேசை துடைக்க எடுத்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான், ஆகவே இது உன் வீடு. ஒரு நாள் உன்னைக் கேட்டு ஆட்கள் வருவார்கள். வர முதல் ஆராவது ஒருவர் வந்து, நல்ல மனதோடு, உன் நன்மைக்கென்றே சொல்வார்: அதைப் பின்னறைக்குத் தள்ளிவை, ஒரு சேலையாவது போர்த்திவிடு, வாறவர்கள் போகுமட்டும்தானே. அந்த ஆளாக ஒருவேளை வயதுபோன நானே இருக்கலாம். அதனால்தான் கை கால் சரியாக இருக்கிறபோதே செய்து வைத்திருக்கிறேன். சிலையின் பீடத்தைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கி, நட்டுகளின் மேல் வெல்டிங் வைத்திருக்கிறேன். தள்ள ஏலாது. உருட்ட ஏலாது. நாலு ஆம்பிளைகள் சேர்ந்தாலும் அசையாது. சேலை போர்த்தலாம், அதை நான் தடுக்க ஏலாது, ஆனால் போர்த்தினால் ஏதோ இருக்கிறதென்று வருகிறவன் தூக்கித்தான் பார்ப்பான்.

அதையும் மீறி, அது அங்கே நிற்கக்கூடாது என்று உனக்கே படலாம். வந்தவனுக்காக அல்ல, ஊருக்காக அல்ல, உன் கண்ணுக்கே அது வேண்டாததாகப் போகலாம். உன் அம்மாவின் மகளுக்குத் தன் கண் இருக்கும். அப்படிப்பட்டால் என்னிடம் வந்து நேரே சொல். ஏன் என்று கேட்க மாட்டேன். தரை உடைக்கிற மெசினை நானே பட்டறையிலிருந்து கொண்டுவந்து, நானே உடைத்துத் தருவேன். வேறு ஆர் கேட்டாலும், மெசின் பழுது.

அப்பா